கடைசி முழத்துக்கு எந்த நூல்

என் கணவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்பதை நான் தூண்டிலில் கட்டுகிற தங்கூஸ் நூலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தம் அவருக்கு வந்து பல வருடமாகிவிட்டது. வலது கண் மங்கி ஒன்றுக்கும் உதவாமல் போனது வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்த கதை. இடது கண் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னார், நாங்களும் நம்பினோம். நம்பாமல் என்ன செய்வது? பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மனிதர். காலையில் எங்கள் தெருப் பிள்ளைகளை எல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு கல்முனைக்குள் போவார், மத்தியானம் திரும்பவும் அள்ளிக்கொண்டு வருவார். கண் கிளினிக்குக்குத் தனியாகத்தான் போவார். வந்து, "ஒண்டுமில்லையாம்" என்பார். அதோடு அந்தக் கதை முடிந்துவிடும்.

மீன் பிடிக்கிற பைத்தியம் ஓமானில் பிடித்தது. அங்கே ஒரு வெள்ளைக்கார எஞ்சினியருக்கு டிரைவராக இருந்தார். அந்த மனிதர் நாடு திரும்பும்போது தன் பழைய தூண்டில் தடியையும் றீலையும் இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மற்ற மாப்பிள்ளைமார் வெளிநாட்டிலிருந்து கம்பளியும் தங்கமும் கொண்டு வந்தார்கள். எனக்கு வந்தது ஒரு தடி. இதில் இறால் குத்துவதில்லை, புழு குத்துவதில்லை, ஈயமும் இல்லை. முள்ளிலே கோழி இறகைக் கட்டிப் பூச்சி மாதிரி ஆக்கி, பாரமான பச்சை நூலைத் தலைக்கு மேலால் முன்னும் பின்னும் வீசி வீசித் தண்ணீரில் விழுத்த வேண்டும். கிட்டங்கிப் பாலத்தடியில் இவர் முதல் நாள் வீசிக்கொண்டு நிற்க, சவளக்கடைப் பக்கம் போன வயல்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, அண்ணன் முறை வைத்து, "என்ன காக்கா, குருவி தொரத்துறீங்களா? வயல் அங்கால எல்லோ கெடக்கு!" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வரும்.

அந்தப் பச்சை நூலின் நுனியில் முள்ளை நேரே கட்டக் கூடாது. மீன் கண்டுவிடும். இரண்டுக்கும் நடுவில், கண்ணுக்குப் படாத மெல்லிய நூல் கொஞ்சம் போட வேண்டும். அந்த வெள்ளைக்காரத் துரை அதற்கு ஏதோ ஒரு பெயர் சொல்லிக் கொடுத்திருந்தார். எங்கள் வீட்டில் அது 'கடைசி முழம்'. மீனுக்கும் மனிதனுக்கும் நடக்கிற வழக்கெல்லாம் அந்தக் கடைசி முழத்தில்தான் தீரும் என்பார். அதற்கு எந்த நூல் போடுவது என்று இவர் யோசிக்கிற யோசனை இருக்கிறதே, அல்லாஹ்வே, மார்க்கச் சட்டத்தில் மஸ்அலா கேட்கிறவர்கள்கூட அவ்வளவு யோசிக்க மாட்டார்கள்.

நைலோன் இழுபடும், முடிச்சு நன்றாக விழும், தண்ணீர் மேலே மிதக்கும். ஆனால் வெயில் பட்டால் சத்துப் போய்விடும். காபன் நூல் தாழும். தண்ணீருக்குள் போனால் தண்ணீராகவே இருக்கும், மீனால் கண்டுபிடிக்க ஏலாது. ஆனால் விறைப்பு. முடிச்சை எச்சில் தொட்டு நனைத்துத்தான் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் கருகி முடிச்சோடு அறுந்துவிடும். மெல்லிய நூல் என்றால் மீன் சந்தேகப்படாமல் வாய் வைக்கும், பெரியது பட்டால் அறுத்துக்கொண்டு போகும். தடித்த நூல் என்றால் அறாது, ஆனால் மீன் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். இவருக்கோ நூல் அறுந்து மீன் முள்ளோடு போவது பொறுக்காது. "வாயில முள்ளோட அது எப்படித் திங்கும் புள்ள? நம்மள ஏசிக்கிட்டுத் திரியும்" என்று அன்றைக்குச் சோறே சரியாக இறங்காது. இவ்வளவும் எனக்கு எதற்கு? ஆணம் காய்ச்ச மீன் வந்தால் போதும் என்கிற பொம்பிளை நான். ஆனாலும் கேட்டுக் கேட்டு எல்லாம் காதில் ஏறிவிட்டது.

எனக்கு இதில் ஒரு வேலை இருந்தது. சனிக்கிழமை வேன் ஓட்டமில்லை. புறப்படுவதற்கு முன் பழைய கடைசி முழத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுவார். உப்புத் தண்ணீரில் ஊறிய நூலை இரண்டாம் தரம் நம்ப மாட்டார். நான் புது நூல் சுற்றிய றீலிலிருந்து நூலை இழுத்து, இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்துக்கொண்டு வாசலில் வெளிச்சத்துக்கு நிற்க வேண்டும். அவர் தொடுவதில்லை. சீனி வருத்தத்தில் விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்விட்டது, தொட்டாலும் ஒன்றும் தெரியாது. நல்ல கண்ணைக் கிட்டே கொண்டுவந்து, ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு "வெட்டு" என்பார். நான் வெட்டுவேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அந்த மனிதர் என் முகத்துக்கு அவ்வளவு கிட்டே நின்று அவ்வளவு கவனமாக எதையும் பார்த்தது அந்த நேரத்தில் மட்டும்தான். நூலைத்தான் பார்த்தார் என்றாலும் எனக்கு அது பிடிக்கும்.

ஆரம்பத்தில் இருந்தது தலைமயிர் மாதிரி மெல்லிய காபன் நூல். அதை விட்டுவிட்டு ஒரு நாள் கொஞ்சம் தடித்தது வாங்கி வந்தார். ஏன் என்று கேட்டேன். மாரித் தண்ணி கலங்கிக் கிடக்கிறது, கலங்கலில் மீனுக்கு நூல் தெரியாது என்றார். சரி. தண்ணீர் தெளிந்த பிறகு திரும்பவும் மெல்லியதுக்கு மாறவில்லை. பாலத்துக் காலில் மட்டிச் சிப்பி ஒட்டியிருக்கிறது, உரசினால் வெட்டிவிடும் என்றார். அதுவும் சரி. பிறகு அதைவிடத் தடித்தது. கொடுவா மீனுக்குச் செவுள் கத்தி மாதிரி, வாய் அரம் மாதிரி, மெல்லிய நூல் நிற்காது என்றார். யார் இல்லை என்பது? கொடுவாவை வெட்டிக் கையை அறுத்துக்கொண்டவள் நான். வலைச்சாமான் கடைக்காரர்கூட, "காக்கா, இனி சுறாப் புடிக்கவா போறீங்க?" என்று பகிடி பண்ணியிருக்கிறார். அவர் சொன்ன காரணம் எல்லாமே சரியான காரணம். அதுதான் கொடுமை. பொய்யான காரணம் சொல்லியிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன்.

முடிச்சுப் போடுவதும் மெல்ல மெல்ல என் கைக்கு வந்துவிட்டது. விரல் மரத்த கதையைச் சொன்னார். விரல் மரத்தவர் இறகை மட்டும் எப்படிக் கட்டினார் என்று நான் கேட்கப்போக, புதிதாக இறகு கட்டி நெடுநாளாகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. பழைய முள்ளுகளையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். மீனுக்குத் தெரியக் கூடாத நூல் அது. அது இவருக்கும் தெரியாமல் போய்விட்டது. தனக்குத் தெரிகிற நூலைத் தேடித்தான் ஒவ்வொரு தரமும் கடையில் அடுத்த தடிப்புக்கு ஏறியிருக்கிறார். இது விளங்கிய அன்று நான் பயந்துபோனேன். வேனை நினைத்துத்தான்.

ஏன் மறைக்கிறார் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். என் உம்மாவும் வாப்பாவும் எனக்குக் கட்டித் தந்த வீட்டுக்கு இவர் மாப்பிள்ளையாக வந்தார். மகளுக்குக் கல்யாணம் பேசியபோது அதே வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னால் இரண்டு அறை இறக்கி நாங்கள் ஒதுங்கிக்கொண்டோம். மகளும் தங்கம், மருமகனும் தங்கம், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஆண்பிள்ளைக்கு முதலில் பெண்சாதி வீடு, பிறகு மகள் வீடு. உழைக்கிற வரைக்கும்தான் அந்த மனிதர் செருப்பைச் சத்தமாகக் கழற்றி வைப்பார். "மருமகன்ட சோத்துல கைய வெச்சிட்டு நான் இரிக்க மாட்டன்" என்று சும்மா கதைக்கிற நேரத்திலும் சொல்லுவார். நாலு தரம் கேட்டேன், "இஞ்சாருங்க, கண் எப்படி?" என்று. நாலு தரமும் கோபம்தான் பதில். "உனக்கு வேற வேலையில்லையா? மனிசனக் குருடனாக்கிப் பார்க்கணுமா?" என்று ஏசினார். நானும் வாய் சும்மா இருக்கிறவள் இல்லை. ஏசினேன். ஏச்சில் உண்மை வெளியே வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கம் வெள்ளியும் சனியும் பள்ளிக்கூடமில்லை, பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளை எங்கள் குசினிக்குள் வந்து குந்தியிருந்தாள். இவருடைய வேனில் போகிறவள்தான். நான் பொரித்துக் கொடுத்த வாழைக்காயைத் தின்றுகொண்டே, "மாமாட வேன்ல நாங்க விளையாடுற" என்றாள்.

"என்னடி விளையாட்டு?"

"மாமாக்கு நாங்கதான் ரோட்டுச் சொல்லுற. நான் மாடு. மத்தவங்க சைக்கிளும் மனிசரும். ஆரு முதல்ல காணுறாங்களோ அவங்க கத்தணும். முதல்ல கத்தினா மாமா டொபி தருவாரு."

என் கையில் இருந்த அகப்பை எண்ணெய்க்குள் விழுந்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேற்றுத் தனக்கு இரண்டு டொபி மிட்டாய் கிடைத்ததென்று பெருமையாகச் சொன்னாள். ஆணியில் கிடந்த வேன் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். இந்த மனிதரை என்ன செய்வது? கேட்டால் சத்தியம் பண்ணுவார். டாக்டரிடம் வாருங்கள் என்றால் வர மாட்டார். மகளிடம் சொன்னால் மருமகன் காதுக்குப் போகும், பிறகு இவர் வீட்டுக்குள் தலை நிமிர மாட்டார்.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்தார். அடுத்த நாள் கிட்டங்கிக்குப் போவதற்கு நூல் போட வேண்டும் என்றார். தடித்த நூல் றீலைக் காட்டி, "கொடுவாக்கு இதான் சரி" என்றார்.

"மழ விட்டு ரெண்டு கிழமையாச்சு. தண்ணி கண்ணாடியாட்டம் கெடக்காம்" என்றேன். "மெல்லிய காபன் போடுவமா?"

கொஞ்சம் யோசித்தார். இல்லை என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. "ஓம், அதையே போடு" என்றார்.

நான் வாசலுக்குப் போனேன். வெயில் இன்னும் இறங்கவில்லை, முற்றமெல்லாம் வெளிச்சம். இரண்டு கையையும் நீட்டிப் பிடித்துக்கொண்டு, "இந்தாங்க, பாருங்க" என்றேன்.

வந்தார். இடது கண்ணைக் கிட்டே கொண்டுவந்தார். என் வலது கைப் பெருவிரலிலிருந்து தொடங்கி, தலையை மெல்ல மெல்ல நகர்த்தி, நடுவில் ஒரு இடத்தில் நின்று திரும்பவும் பார்த்து, இடது கைவரை வந்தார். அவர் மூச்சு என் கையில் பட்டது.

"ஒரு கீறலும் இல்ல. நல்ல நூல்" என்றார். "வெட்டு."

நான் நூல் எடுக்கவே இல்லை. என் இரண்டு கைக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

"என்ட கையில ஒண்டுமில்ல" என்றேன்.

சிரிக்கப் பார்த்தார். "என்ன விசர்க் கத கதைக்கிறாய்?"

"ஒண்டுமே இல்ல. றீல் மேசையில கெடக்கு. வெறுங்கையப் பார்த்து நல்ல நூல் எண்டு சொல்லுறீங்க. ஊராக்கள்ட புள்ளயள டொபி குடுத்து ரோட்டுச் சொல்ல வெச்சிக் கொண்டு போறீங்க. மெய்யச் சொல்லுங்க, அல்லாஹ்வுக்காக. எவ்வளவு தெரியுது?"

வாசல் நிலையைத் தடவிப் பிடித்துக்கொண்டு படியில் குந்தினார். தடவித்தான் பிடித்தார். அதையும் அன்றைக்குத்தான் கண்டேன்.

"வெளிச்சம் தெரியுது" என்றார். "ஆள் நிண்டா நிழலாட்டம் தெரியுது. இந்தப் பக்கத்து ரோட்டெல்லாம் எனக்குப் பாடம் புள்ள. மெதுவாத்தான் ஓட்டுறன்."

"எப்ப இருந்து?"

"நோன்புக்கு முந்தி இருந்து."

நோன்பு போய், பெருநாள் போய், ஹஜ்ஜுப் பெருநாளும் போயிருந்தது. அத்தனை காலமும் அந்த வேனில் பிள்ளைகள் போய் வந்திருக்கின்றன. அடித்தால் என்ன என்றிருந்தது. கட்டிப் பிடித்தால் என்ன என்றும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"ஞாயித்துக்கிழமைக்கு வேற டிரைவருக்குச் சொல்லுறன். சாவி என்னட்ட. இனி நீங்க வேன்ல ஏறக் கூடா" என்றேன்.

சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. தலையை ஆட்டினார். "வேனும் இல்லாட்டி இந்த வீட்டுல நான் ஆரு?" என்று மட்டும் கேட்டார். பெரிய குரலில் இல்லை. மகளுக்குக் கேட்டுவிடும் என்று முன் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார். எனக்குக் கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் வராமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவருக்கு நேரே, ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில் நின்றேன்.

முகத்தை நிமிர்த்தி என் பக்கம் பார்த்தார். நான் இருக்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்தார்.

"கோவமா இரிக்கியா புள்ள?" என்றார். "முந்தியெண்டா உன்ட மூஞ்சியப் பார்த்தே தெரிஞ்சிரும். இப்ப நீ வாயால சொல்லோணும்."

"அழுறன்" என்றேன்.