சித்தி சேர்த்த வில்லைகள்

இன்று புளி போட்டுப் பித்தளைச் செம்பைத் தேய்த்தபோது எழுந்த வாசனை, தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்கு அருகே இருந்த செல்வம் அண்ணாச்சியின் காயலான் கடைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. அந்த இடத்தில் இப்போது கன்டெய்னர்கள் நிற்கின்றன. அன்று உடைந்த கப்பல் விளக்குகளும் திருகாணிகளும் குவிந்து கிடக்க, உப்புக்காற்றில் தகரக் கூரை ஓயாமல் படபடக்கும். சனிக்கிழமைதோறும் என் சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போவாள். அவள் டீச்சர், சின்ன வயதிலேயே கணவனை இழந்து, தன் அப்பாவான என் தாத்தாவின் வீட்டில் இருந்தவள். அந்தக் காலச் சங்கங்கள் சமூகச் சீர்திருத்தவாதிகளின் முகம் பதித்து வெளியிட்ட, காசு போன்ற பித்தளை வில்லைகளைச் சேர்த்துவந்தாள். உருக்கப்போகும் குவியலிலிருந்து அவற்றைப் பொறுக்கி, சட்டையில் துடைத்து வைத்திருப்பார் அண்ணாச்சி.

ஒருநாள் தேய்ந்த வில்லை ஒன்றை நீட்டினார். "இவரு யாரு டீச்சர்?"

"விதவைகளுக்கு மறுகல்யாணம் வேணும்னு போராடுனவரு."

"அப்ப, நான் கேட்டா நீங்க சம்மதிப்பியளா?" என்றார், அவள் முகத்தைப் பாராமலே.

சித்தி வில்லையை முந்தானையில் முடிந்துகொண்டாள். "வீட்டுல வந்து கேளுங்க. நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன்."

மறுநாளே வந்தார். தாத்தா வாசலை மறித்து நின்றார். சித்தி நடுவீட்டில் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி, "உள்ள வாங்க" என்றாள்.