ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள்

எங்கள் செனாவாங் ஊரில் என் கை படாத மணப்பெண் குறைவு. பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமை என்றாலும் தப்பில்லை, உழைத்தவள் சொல்லலாம். ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்று சுவா பக்கம் பால் மரம் வெட்டப் போனவள் நான். இன்று கடைவீதியில் சொந்தமாக அழகு நிலையம் வைத்திருக்கிறேன். தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்த பெண்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நேராக என்னிடம்தான் வருவார்கள்.

எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுத்த பெண்கள் நகை போடுவதில்லை. என் காதும் கழுத்தும் வெறுமைதான். "காதுல குந்துமணித் தங்கம் இல்ல, ஊருக்கெல்லாம் மினுக்குப் பூசுறா பாரு" என்று பக்கத்துக் கடைக்காரி கேலி செய்வாள். ஆனால் மாதர் கூட்டத்தில் உள்ளான அழகைப் பற்றிப் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். மைக் பிடித்தால் நாலு பேரையாவது அழ வைத்துவிட்டுத்தான் உட்காருவேன்.

என் மகளுக்குப் பள்ளிப் பருவத்திலேயே உதட்டோரம் வெள்ளைப் புள்ளி வந்தது. பிறகு கன்னத்தில், கழுத்தில். மருந்து, எண்ணெய், உபவாச ஜெபம், எதற்கும் அது நிற்கவில்லை. வேலை நாட்களில் கவலை இல்லை. அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில் கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்பு. ஞாயிற்றுக்கிழமைதான் பாடு. விடியுமுன் எழுந்து, அவளைக் கண்ணாடி முன் உட்கார வைத்து, மூன்று நிறம் குழைத்துப் பூசுவேன். பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற சகோதரிக்குக்கூடத் தெரியாது. அப்படி ஒரு கை.

அவளுக்கு முப்பது தாண்டிய பிறகு, பக்கத்து ஊரான ராசாவிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அவளை ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் என் பூச்சோடு பார்த்துப் பிடித்துப்போய், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வந்து பேசி முடிப்பதாகச் சொன்னார்கள். இதை விட்டால் இன்னொன்று வருமா என்று எனக்குத் தெரியாது.

அன்று விடிகாலை பெட்டியைத் திறந்தேன்.

"இன்னிக்கு வேணாம்மா."

"இன்னிக்குத்தான் கண்டிப்பா வேணும். உக்காரு."

"கல்யாணத்துக்கு அப்புறம்? தெனமும் ராசாவுக்கு பஸ் ஏறி வந்து பூசுவீங்களா?"

"கத்துக் குடுக்கறேன்லா."

"தலகாணியில ஒட்டுமேமா. அவரு பாக்க மாட்டாரா?"

அதட்டி உட்கார வைத்திருப்பேன். ஆனால் முந்தின நாள் இரண்டு மணப்பெண்களுக்கு அலங்காரம். நின்று நின்று கால் வீங்கியிருந்தது. பால் மரத்தில் கத்தி பிடித்த காலத்திலேயே கெட்டுப்போன மணிக்கட்டு பிரஷ்ஷைப் பிடிக்க மறுத்தது. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன்.

சபையில் ஒரு சகோதரி அவளை உற்றுப் பார்த்தாள். "என்ன பாப்பா, சோப்பு ஒத்துக்கலையா?"

"சோப்பு இல்ல ஆன்ட்டி. மூஞ்சியே இதான்."

வீட்டில் மீஹூன் நூடுல்ஸும் உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப்பும் தயாராக இருந்தன. மாப்பிள்ளையின் அம்மா, "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்று சிரித்தபடி உள்ளே வந்தார். மகள் தேநீர் கொண்டுவந்து கொடுத்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது.

"இது பரம்பரையா சிஸ்டர்?"

"எங்க வீட்டுல யாருக்கும் இல்ல."

"பொறக்கற புள்ளைங்களுக்கு வருமா?"

மகளே பதில் சொன்னாள். "வரலாம், வராமலும் போகலாம் ஆன்ட்டி. டாக்டர் அப்படித்தான் சொன்னாரு."

மாப்பிள்ளை தட்டில் இருந்த மீஹூனை முள்கரண்டியால் சுற்றிக்கொண்டே இருந்தார். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. கிளம்பும்போது அவர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உள்ளந்தானே சிஸ்டர் முக்கியம். தங்கமான புள்ள. நாங்க ஜெபிச்சிட்டுச் சொல்றோம்."

எங்கள் ஆட்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இந்து வீடுகளில் ஜாதகம் பொருந்தவில்லை என்பார்கள். எங்களுக்கு ஜாதகம் இல்லாததால் கர்த்தர் மேல் போட்டுவிடுவோம்.

கார் திரும்பியதும் மகள் கறிபாப்பைக் கையில் எடுத்தாள். "உருளக்கிழங்குல உப்பு கம்மிமா."

"அழுக வரலியா உனக்கு?"

"வருது. சாப்பிட்டுட்டு அழுவறேன்."

சொன்னபடியே கோப்பை கழுவும்போது அழுதாள். நான் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினேன். மாதர் கூட்டத்தில் பேசுகிற பேச்சில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. மைக் இல்லாமல் அது வராது போலிருக்கிறது.

ராசாவிலிருந்து போன் வரவில்லை. அடுத்த ஞாயிறு அவள்தான் காப்பியோடு வந்து என்னை எழுப்பினாள். சேலை கட்டித் தலை வாரியிருந்தாள். முகத்தில் ஒன்றும் பூசவில்லை. ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை விடிந்தபின் கண் விழித்தேன். அவளுக்கென்று குழைத்த நிறம் பெட்டியில் காய்ந்து கிடக்கிறது. வேறு யாருக்கும் அது பொருந்தாது. வேறு எந்தக் கையாலும் அதைக் குழைக்கவும் முடியாது. தூக்கிப் போட மனமில்லை.

"நேரமாச்சுமா, எந்திரிங்க."

"நீ முன்னால போய் நமக்கு எடம் புடி. எனக்குக் கால் வலிக்குது. மெதுவா வர்றேன்."

எப்போதும் கடைசி வரிசையில் உட்காருகிறவள், அன்று முன் வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தாள்.