பேனரில் சிரித்த அங்காளம்மா

அங்காளம்மா கோபக்காரி என்பது கோவளத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மீன் வறுவல் சாப்பிட வருகிறவர்கள் அவளிடம் பேரம் பேசமாட்டார்கள். "சீக்கிரம் ஆகுமாக்கா?" என்று கேட்டவனிடம், "அவசரம்னா பிஸ்கட் வாங்கித் துன்னு" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பறித்துக்கொண்டவள் அவள். அவன் அடுத்த வாரம் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான் என்பது வேறு கதை.

அந்தக் கோபம் கடை போட்ட பிறகு வந்ததில்லை. கல்யாணமான புதிதில் கூடையில் மீன் எடுத்துக்கொண்டு கேளம்பாக்கம், சிறுசேரி என்று விற்கப் போவாள். ஒருநாள் பஸ்ஸில் நடத்துநர், "நாறுது, எறங்கும்மா" என்றார். இறங்கினாள். இறங்கியவள் கூடையோடு பஸ்ஸுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். ஹாரன் அடித்தார்கள், அதட்டினார்கள். உள்ளே இருந்த சனம் முழுக்க அவளைத்தான் திட்டியது. நடத்துநரை ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் நடத்துநரே இறங்கி வந்து, "சரி, ஏறு" என்றார். அவள் ஏறவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தே போனாள். ஏறச் சொன்னதும் ஏறிவிட வேண்டும் என்று அவர் நினைத்ததுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

பிறகு கோவளத்துக்கு அலைச்சறுக்கு வந்தது. காலையிலேயே பட்டணத்துப் பிள்ளைகள் பலகையோடு கடலில் இறங்குவார்கள். அலை புரட்டிப் போட்டு, மூக்கில் உப்புத் தண்ணீரோடு கரையேறும்போது கொலைப் பசியாக இருக்கும். அப்போதெல்லாம் டீயும் பன்னும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. அங்காளம்மா கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் இருக்கும் மணல் பாதையில் நாலு கொம்பு நட்டு, மேலே கீற்றுப் போட்டு அடுப்பு வைத்தாள். கணவன் கங்காதரன் பிடித்து வரும் சங்கரா, நெத்திலி, கடம்பா. கழியில் கிடைக்கும் நண்டு. மசாலா வீட்டிலேயே அரைத்தது. தேவாலயத்தையும் தர்காவையும் பார்த்துவிட்டு, முட்டுக்காட்டில் படகில் ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறவர்களும் மத்தியானத்துக்கு அவளுடைய பெஞ்சில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். கடைக்குப் பேர் வைக்கவில்லை. அங்காளம்மா கடை என்றால் போதும்.

அப்படி வருகிறவர்களில் ஒரு ஜோடி அபிகாயிலும் ஜாய்சனும். சேலையூரிலிருந்து வண்டலூர் வழியாக பைக்கில் வருவார்கள். அபிகாயில் பள்ளிக்கூட டீச்சர். ஜாய்சனுக்கு சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. அவன் அலைச்சறுக்கு பழகுகிறேன் என்று விழுந்துகொண்டிருப்பான். அவள் கரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள். முடிந்ததும் இரண்டு பேரும் நண்டுக்கு உட்காருவார்கள். அங்காளம்மா அதட்டாமல் பரிமாறியது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் என்று கங்காதரன் சொல்லுவான்.

இந்த வருஷம் ஆகஸ்ட்டில் ஒரு கம்பெனி கோவளத்தில் அலைத் திருவிழா நடத்தியது. போட்டி, பாட்டு, சாப்பாட்டுக் கடைகள் என்று பெரிய ஏற்பாடு. மணலைச் சுற்றித் தகரத் தடுப்பு அடித்தார்கள். அங்காளம்மாவின் கடை தடுப்புக்கு வெளியே போயிற்று. அதோடு விடவில்லை. வண்டியில் கொண்டுவந்த கழிப்பறைகளை வரிசையாக அவள் கடைக்குப் பக்கத்திலேயே இறக்கி வைத்தார்கள்.

"இன்னாய்யா இது? சோறு போடற எடத்தாண்ட கொண்ணாந்து கக்கூச வெச்சிகீறானுங்க" என்றாள் கங்காதரனிடம்.

கங்காதரனுக்கு அந்தத் திருவிழாவில் வேலை கிடைத்திருந்தது. போட்டி நடக்கும்போது யாராவது தண்ணீரில் மாட்டிக்கொண்டால் தூக்கிவர, படகோடு தயாராக நிற்க வேண்டும். ஆரஞ்சு நிறச் சட்டை கொடுத்திருந்தார்கள். "கொஞ்ச நாளுதானே, அனுசரிச்சிக்கினு போ" என்றான். சட்டையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். பாட்டுச் சத்தம் மட்டும் தகரத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அபிகாயில் வந்தாள். பின்னால் ஜாய்சன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"வா கண்ணு, நண்டு எடுத்து வெச்சிகீறேன்" என்றாள் அங்காளம்மா.

அபிகாயில் உட்காரவில்லை. முகம் சிவந்திருந்தது. "வேண்டாம் அக்கா. உள்ள உங்க ஸ்டால்ல சாப்பிட்டாச்சு. உங்களை நம்பித்தான் சாப்பிட்டோம். மீன் கெட்டுப்போயிருந்தது. இவர் ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டார். பேர் கிடைச்சதும் இப்படி மாறிட்டீங்களே."

அங்காளம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த ஸ்டாலு? என் கடை இங்கதானே கீது."

"உங்க போட்டோதானே அக்கா போட்டிருக்கு, அவ்வளவு பெரிசா. நீங்க வேற ஆள் வச்சு நடத்தறீங்கன்னு நினைச்சோம்."

"இன்னா போட்டோ?"

அபிகாயில் போனை நீட்டினாள். அங்காளம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தாள். அவள் திட்டாமல் இருந்ததுதான் அபிகாயிலுக்குப் பயமாக இருந்தது.

தடுப்பின் வாசலில் நின்றவன் கையில் கட்ட வேண்டிய பட்டை எங்கே என்று கேட்டான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவனே ஒதுங்கிக்கொண்டான்.

உள்ளே சாப்பாட்டுக் கடைகளின் வரிசை. நடுவில் இருந்த கடைக்கு மேலே, ஆள் உயரத்துக்குச் சற்று மேல், பேனரில் அவளுடைய முகம். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பு அவளுக்கு நினைவிருந்தது. பொங்கல் கழிந்து ஒருநாள், ஒரு பையன் கரையில் நின்ற பெண்ணுக்கு வித்தை காட்டப் போய், முழங்கால் தண்ணீரில் குப்புற விழுந்தான். அதற்குச் சிரித்தது. அப்போது யார் எடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. படத்துக்குக் கீழே, 'அஞ்சலை அம்மா கிச்சன், கோவளத்து மீனவத் தாயின் கைப்பக்குவம்' என்று எழுதியிருந்தது.

கடைக்குள்ளே கறுப்புக் கையுறை போட்ட இரண்டு பேர் அட்டைத் தட்டில் மீன் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"யார்ரா அஞ்சல?" என்றாள்.

அவர்கள் அவளைப் பார்த்தார்கள். பிறகு தலைக்கு மேல் பார்த்தார்கள். வரிசையில் நின்றவர்களும் அதே மாதிரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி, "ஐ, அவங்களே வந்திருக்காங்க" என்று சொல்லிப் பக்கத்தில் வந்து நின்று போனைத் தூக்கினாள். அங்காளம்மா அந்தப் போனைக் கையால் தள்ளிவிட்டாள்.

விஷயம் கேட்டு உமேஷ் வந்தான். திருவிழாவை நடத்தும் கம்பெனியின் ஆள். இடுப்பில் வாக்கிடாக்கி, நெற்றியில் கூலிங்கிளாஸ்.

"அக்கா, டென்ஷன் ஆகாதீங்க. ஓரமா போய்ப் பேசலாம்."

"ஓரமாத்தான் கொண்டுபோய் வெச்சிகீறியே என்னை, கக்கூசாண்ட. இங்கயே பேசு. என் மூஞ்சிய எதுக்கு மாட்டின? என் பேர எதுக்கு மாத்தின?"

"அது சும்மா ஒரு பிராண்டிங், அக்கா. அங்காளம்மான்னா சாமி பேர் மாதிரி இருக்கு, அதான். ஊருக்கு ஒரு பெருமைதானே."

"கெட்டுப்போன மீனத் துன்னுட்டு அந்தப் புள்ள வாந்தி எடுக்குது. அந்தப் பொண்ணு என்னை வந்து கேக்குறா. இதான் பெருமையா? யாரக் கேட்டு மாட்டின?"

உமேஷுக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. "கேட்காம செய்வோமா? உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுத்தான் போட்டோம். தாராளமா போட்டுக்கோங்க சார்னு சொன்னார்."

அங்காளம்மா படகு நிற்கும் பக்கம் திரும்பினாள்.

கங்காதரன் சாப்பாட்டுக்குப் படகைக் கரையேற்றிவிட்டு, ஆரஞ்சுச் சட்டையோடு வந்துகொண்டிருந்தான். கூட்டத்தைப் பார்த்து எட்டி நடந்தான். பேனரையும் அவளையும் பார்த்ததும் நடை தளர்ந்தது.

"நீ சொன்னியா?" என்றாள்.

"கேட்டாங்க. நான் ஏதோ சின்ன படமா இருக்கும்னு…"

"எப்ப கேட்டாங்க?"

"போன மாசம். படகு வேல பேசச்சொல்லோ."

"போன மாசத்துலேர்ந்து என் கையால துன்னுகினு கீற. ஒரு வார்த்த சொல்லல."

"நீ வேணாம்பே. அப்பால படகு வேலயும் போயிடும். என் பொண்டாட்டி படத்துக்கு நான் சரின்னு சொன்னேன், இதுல இன்னா பேஜாரு?"

"என் மூஞ்சிக்கு நீ யாருய்யா சரி சொல்ல?"

இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அங்கே இருந்த எல்லோருக்கும் கேட்டது. கங்காதரன் சுற்றிப் பார்த்தான். பல போன்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

அங்காளம்மா கடை மேசையைப் பார்த்தாள். சாஸ் பாக்கெட் வெட்டுவதற்கு ஒரு கத்தரிக்கோல் வைத்திருந்தார்கள். அதை எடுத்தாள். பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். மணலில் நாற்காலி ஆடியது. சட்டென்று அபிகாயில் வந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அது கம்பெனி பிராப்பர்ட்டி. போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும்" என்றான் உமேஷ்.

"கூப்புடு. அவங்களும் பாக்கட்டும்."

பேனர் துணி தடித்தது. சாஸ் பிசுக்கு ஒட்டிய கத்தரிக்கோல் அதில் சுலபமாகப் போகவில்லை. கழுத்தில் ஆரம்பித்துக் காதைச் சுற்றி, கோணல்மாணலாக, பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். கை வலித்தபோது நிறுத்தி, உதறிக்கொண்டு, மறுபடி வெட்டினாள். யாரும் தடுக்கவில்லை. அபிகாயிலைத் தவிர யாரும் உதவவும் இல்லை. முகம் கையோடு வந்ததும் அந்த ஓட்டை வழியாகக் கடல் தெரிந்தது. இறங்கி, முகத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலை எடுத்த இடத்திலேயே வைத்தாள். கங்காதரனைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனாள்.

கடைக்குத் திரும்பியதும் அபிகாயில், "சாரி அக்கா. நான் விசாரிக்காம பேசிட்டேன்" என்றாள்.

"நீயும் பேசினதான்" என்றாள் அங்காளம்மா. "என்னைத் தெரிஞ்சவ நீ. ஒரு தபா வந்து கேட்டிருக்கலாம் இல்ல." ஜாய்சனுக்கு மோரில் உப்பும் இஞ்சியும் போட்டுக் கொடுத்தாள். வெட்டிக் கொண்டுவந்ததை எண்ணெய் டின்னுக்கு அடியில் மணல் ஒட்டாமல் இருக்கப் போட்டாள், முகம் கீழே இருக்கிற மாதிரி.

போலீஸ் வரவில்லை. திருவிழா முடிந்த பிறகு உமேஷ் ஊர் நிர்வாகிகளிடம் போய் முறையிட்டான். அவர்கள் அவளைக் கூப்பிட்டனுப்பினார்கள். அடுத்த வருஷமும் திருவிழா நம்ம ஊருக்கே வரணும், வருத்தம் தெரிவிச்சு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போம்மா, என்றார்கள்.

"உங்க வூட்டுப் பொம்பளைங்கள இப்படிப் பெரிசா மாட்டி, வேற பேரு வெச்சி, அழுகின மீன வித்தா நீங்க வருத்தம் தெரிவிப்பீங்களா?" என்று கேட்டாள். அவள் உட்காராமலே திரும்பி வந்துவிட்டாள். அவர்களும் அதோடு விட்டுவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு கம்பெனிக்காரர்கள் படகு வேலைக்குக் கங்காதரனைக் கூப்பிடவில்லை. வேறு ஒருவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டில் கங்காதரன் ஒருமுறை, "காசு குடுத்திருந்தா ஒத்துக்கினு இருந்திருப்ப இல்ல?" என்று கேட்டான். சமாதானமாகப் பேசுவதாக நினைத்துத்தான் கேட்டான். அன்றிலிருந்து அவள் அவனுக்கு வீட்டில் சோறு போடவில்லை. சமைப்பது எல்லாம் கடையில்தான். அவன் பசித்தால் கடைக்கு வந்து, மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, தன் முறை வரும்வரை காத்திருந்து சாப்பிட வேண்டும். அவன் பிடித்து வந்த மீன்தான். கூட்டாளிகள் சிரித்தார்கள். முதலில் முறைத்துக்கொண்டு சாப்பிட்டான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். நாள் போகப் போக, சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைத்துவிட்டுப் போனான். அவள் அதையும் கண்டுகொள்ளவில்லை.

மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அபிகாயிலும் ஜாய்சனும் நண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கங்காதரன் மணலில் வேகமாக நடந்து வந்தான். அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அவள் நிமிரவில்லை.

"டிவிக்காரங்க வந்துகீறாங்க. சாப்பாட்டு நிகழ்ச்சியாம். உன்னையும் கடையையும் படம் புடிக்கணும்னு என்னாண்ட கேட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "அவளத்தான் கேக்கணும், நான் சொல்ல முடியாதுன்னுட்டேன். படகாண்ட நிக்கிறாங்க."

அங்காளம்மா சட்டியில் இருந்த சங்கராவைத் திருப்பிப் போட்டாள். மறுபக்கம் சிவந்ததும் எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"வேணாம்னு சொல்லு."

"சரி" என்று அவன் திரும்பினான். ஏன் என்று கேட்கவில்லை.

அவன் கொஞ்ச தூரம் போன பிறகு அவள் கூப்பிட்டாள். "யோவ். சொல்லிட்டு சீக்கிரம் வா. குழம்பு தீரப்போகுது."

அவள் குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது.