மிஞ்சிய காது

என் இடது காது போனதற்கு ஒரு மீன்குழம்புதான் காரணம் என்று மாமி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். புளி கூடிவிட்டதாம். புளி கூடினால் பல்லுக் கூசும், செவிப்பறை கிழியாது. கிழித்தது அவருடைய மகனின், அதாவது என் கணவரின், உள்ளங்கை.

டிஸ்பென்சரி ஐயா லைட் அடித்துப் பார்த்தார். "பிள்ளை, இது இனிச் சரிவராது. மற்றதையாவது காப்பாற்று. அந்தப் பக்கம் இப்பிடி ஒண்டு விழுந்தால் அதுவும் போயிடும்" என்றார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே காட்டோரமாக எங்கள் வயலும் வீடும். கையில் குழந்தை. ஹெலிச் சத்தம் கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்க வேண்டும். அதைக் கேட்க எனக்கு இருந்தது வலது காது மட்டும். அதுவும் போனால் பிள்ளை அழுவதும் கேட்காது, மேலிருந்து சுடுகிறவன் வருவதும் கேட்காது.

அதனால் என் நாள் முழுக்க அந்தக் காதைச் சுற்றியே ஓடியது. வலது பக்கம் சுவரோடு இருக்கும்படி உட்கார்ந்தேன். அவருக்குச் சோறு போடும்போது இடது பக்கத்தைக் காட்டி நின்றேன். பின்னலைப் பிடித்து இழுப்பார் என்று கொண்டை போட்டேன். படுப்பதில்தான் பெரிய வழக்கு. வலது காதை மேலே வைத்தால் பிள்ளை அழுவது கேட்கும், ஆனால் அடி அதிலேதான் விழும். கீழே வைத்தால் காது தப்பும், பிள்ளை தொண்டை கிழியக் கத்தினாலும் தெரியாது. அநேகமாகப் பிள்ளைக்காக மேலே வைத்துப் படுத்தேன். உடம்பு இளகித் தூங்கியதே இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, பாலும் வற்றிப்போனது.

மாமியிடம் ஒரே கதைதான். "அவன் எங்க அடிக்கிறான், பிள்ளை? கசிப்பெல்லோ அடிக்குது." ஊரும் அதைத்தான் சொன்னது. நானும் நம்பி, அந்தக் கள்ளச் சாராயத்தைக் காய்ச்சுகிறவன் தலையில் இடி விழட்டும் என்று சாபம் போட்டுக்கொண்டிருந்தேன்.

வைகாசி வந்தது. வற்றாப்பளை அம்மனுக்குத் தீர்த்தம் எடுத்துவிட்டால் கோயில் பொங்கல் முடியும்வரை எங்கள் வீட்டில் மச்ச மாமிசமும் இல்லை, குடியும் இல்லை. அவருக்குக் காவடி நேர்த்தி வேறு. குளித்து, நீறு பூசி, பச்சைத்தண்ணியும் கேட்டுத்தான் குடிக்கிற ஆள் மாதிரி இருந்தார்.

அந்த விரத நாட்களில் பிள்ளைக்கு வயிற்றோட்டம். நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருக்க, அடுப்பில் சோறு கருகிவிட்டது. மணம் பிடித்து ஓடி வந்தேன். அவரும் குசினி வாசலுக்கு வந்தார். கை மேலே போனது. நான் காதைப் பொத்தினேன். போன கை அப்படியே நின்றது, பிறகு இறங்கியது.

"விரதம். தப்பிட்டாய். பொங்கல் முடியட்டும்."

அடி விழவில்லையே என்று நான் நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ ஆத்திரம். இந்தக் கையை இறக்க இவருக்குத் தெரியும். அம்மனுக்காக இறக்கியவர் என் காதுக்காக ஒருநாள் இறக்கியிருக்கலாம். நாள் பார்த்து அடிக்கிறவருக்குக் கசிப்பு என்னத்துக்கு?

பொங்கல் முடிந்து மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். நான் மூச்சை இழுத்து மணந்து பார்த்தேன். திருநீறும் வேர்வையும்தான் மணத்தன. கசிப்பில்லை. பிரசாதத்தைப் பக்குவமாக அலுமாரிக்கு மேல் வைத்தார். சால்வையை மடித்துக் கதிரையில் போட்டார். ஆறுதலாகக் குசினிக்குள் வந்தார்.

"அண்டைக்குச் சோத்தைக் கருக்கினனியெல்லே?"

முதலில் முதுகில் குத்தினார். கொண்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினார். நெற்றி வெடித்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. பிறகு அந்த உள்ளங்கை வலது பக்கமாக வந்தது. மூலையில் சாய்த்திருந்த உலக்கை என் கைக்கு எட்டியது. வந்த கையிலேயே ஓங்கிப் போட்டேன். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அவர் குந்தியிருந்து அலறினார். மறுபடி ஓங்கினேன், தலைக்கு. அறைக்குள் பிள்ளை வீரிட்டது. உலக்கையை இறக்கினேன்.

மாமியும் அயலட்டையும் ஓடி வந்தார்கள். மாமி என் முகத்து இரத்தத்தையும் விரிந்த தலைமயிரையும் பார்த்துவிட்டுக் கை கூப்பினார். "அம்மன் வந்திட்டா. பொங்கல் முடிஞ்ச கையோட இவளில இறங்கிட்டா. ஆரும் கிட்டப் போகாதேங்கோ." ஒருவர் திருநீறு எடுக்க ஓடினார். நல்ல வழிதான். அம்மன் அடித்தால் கேள்வியில்லை, கோபமில்லை, என்னை விழுந்து கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பேசாமல் தலையைச் சுழற்றி ஆடியிருந்தால் போதும்.

"அம்மனை இழுக்காதேங்கோ மாமி," என்றேன். "நான்தான் அடிச்சனான். இனித் தொட்டால் இன்னும் அடிப்பன்."

கையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

கை கட்டுப்போட்டுச் சுகமாகியது. கசிப்பும் திரும்ப வந்தது. முன்னையைவிடக் கூடவே குடித்தார். வாசல் படலையில் நின்று ஊரையெல்லாம் தூஷணத்தால் திட்டுவார், தாயைத் திட்டுவார், நாயை உதைப்பார். உள்ளே வந்ததும் என்னிடமிருந்து தள்ளிப் பாயைப் போட்டுப் படுத்துவிடுவார். எந்த வெறியிலும் என்னில் கை வைத்ததில்லை.