பேட்டரி இல்லாத மெஷின்

நான் இந்த மாதிரி விஷயங்களை நம்புகிற ஆள் இல்லை, நம்புகிறவர்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தவன், அதனால் நீங்கள் இப்போது என்னைப் பார்த்துச் சிரித்தாலும் கோபப்பட மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மண்ணரை என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனி. ஆடிட் வேலை முழுக்க என் பொறுப்பு. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆள் கம்பெனியைச் சோதிக்க வருகிற அன்று கட்டிங் மேசைக்கு இரும்புக் கையுறை வரும், தைக்கிறவர்களுக்கு மாஸ்க் வரும், ஆள் கிளம்பியதும் எல்லாம் பீரோவுக்குள் போய்விடும். ஊரில் நடப்பதுதான், என்னை மட்டும் முறைக்காதீர்கள். அந்த வரிசையில்தான் இதயத்துக்கு ஷாக் கொடுக்கிற மெஷினும் வந்தது. சொல்லிக்கொடுக்க வந்தவர் பொறுமையாக விளக்கினார். ஆஸ்பத்திரியில் இருப்பதை டாக்டர் பார்த்து முடிவு செய்து அழுத்த வேண்டும், சிலருக்கு நெஞ்சுக்குள்ளேயே சின்னதாக வைத்துவிடுவார்கள், அது தானாகவே ஷாக் கொடுத்துக்கொள்ளும். சுவரில் மாட்டுகிற இதை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், துடிப்பைத் தானே பார்த்து இங்கிலீஷில் சொல்லும். இதயம் தாறுமாறாக நடுங்கினால்தான் ஷாக் கொடு என்று சொல்லும், உடனே கொடுத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. அடியோடு நின்றிருந்தால் வேண்டாம் என்றுவிடும்.

அவர் போனதும் முதலாளி, "சும்மா கெடந்தா பேட்டரி தீந்துருமப்பா, கழட்டி பீரோவுல வெச்சிரு" என்றார். நான்தான் பேட்டரியைக் கழற்றிப் பீரோவில் வைத்தேன், மெஷின் மட்டும் சுவரில் தொங்கியது.

ஒரு நாள் மதியம், சாப்பாட்டு பெல் அடித்துக் கொஞ்ச நேரத்தில், கட்டிங் மாஸ்டர் காதர் பாய் மேசையோரம் சரிந்து விழுந்தார். செக்கிங்கில் இருக்கும் சபுரா ஓடிவந்து நெஞ்சை அமுக்கத் தொடங்கினாள். "சார், மெசினக் கொண்டாங்க சார்" என்றாள். முதலாளி பிள்ளையார் சிலை பார்க்கத் திருமுருகன்பூண்டி போயிருந்தார், பீரோ சாவியும் அவரோடு போயிருந்தது. பீரோவை உடைத்திருக்கலாம். உடைத்தால் எங்கள் வண்டவாளம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் வெறும் மெஷினை எடுத்துவந்து, அத்தனை பேர் பார்க்க, அவர் நெஞ்சில் மெஷினின் இரண்டு பேட்களையும் ஒட்டினேன். ஆமாம், நடித்தேன்.

நம்பினால் நம்புங்கள், அந்த மெஷின் பேசியது. ஷாக் கொடு என்று இங்கிலீஷில், நிதானமாக, மூன்று முறை. நான் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன், பேட்டரி இல்லாத பட்டன் என்ன செய்யும், அவர் உடம்பு அசையவில்லை. நான்காவது முறை அது பேசவில்லை.

காதர் பாயின் மையத்தை அடக்கத்துக்கு எடுப்பதற்கு முன் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். "மெசினு ஏதோ பேசுச்சாமாங்க தம்பி, என்னங்க சொல்லுச்சு?"

அன்று அங்கே நின்றவர்களில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "ஷாக் வேண்டாம்னு சொல்லிருச்சுங்கக்கா" என்றேன்.

"அப்ப அவருக்கு அவ்வளவுதான் எழுதியிருக்குதுங்க. நீங்களாச்சும் பாடுபட்டீங்க" என்று அழுதார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த ஆடிட்டுக்குப் பேட்டரியை மாட்டி ஆன் செய்தேன். பெண் குரல் பேசியது. அன்று நான் கேட்டது ஆண் குரல். மனசு கேட்காமல் சபுராவைத் தனியாக அழைத்து, அன்று அவளுக்கு எந்தக் குரல் கேட்டது என்று விசாரித்தேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்க குரல்தானுங்களே சார். நீங்க பேசித்தான் அதுல பதிஞ்சு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேனுங்க."

அந்த மெஷினில் யாரும் குரல் பதிய முடியாது. அன்று காதர் பாய் பக்கத்தில் நான் வாயே திறக்கவில்லை, திறந்திருந்தால் பீரோவை உடையுங்கள் என்றல்லவா சொல்லியிருப்பேன்.