மனைவிக்கு நான் சொல்லாமல் விட்டது

மூன்று வருடங்களுக்கு முன், திருகோணமலையில் ஒரு புற்றுநோய் கிளினிக்கில் நடந்தது இது. நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், முப்பது வருடம் சிங்கள–தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவிக்குச் சிங்களம் தெரியாது. டொக்டருக்குத் தமிழ் தெரியாது. இடையில் நான்தான் பேசினேன். அவளிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. வெறும் கட்டி என்றே எட்டு மாதம் சொல்லி வந்தேன்.

அன்று டொக்டர் நிதானமாக விளக்கினார். கொழும்பில் புதிய மருந்து ஒன்றைப் பரிசோதிக்கிறார்கள். விரும்பினால் சேரலாம். பலன் நிச்சயமில்லை. மறுத்தாலும் இடையில் விலகினாலும் வழமையான சிகிச்சை நிற்காது. அவளுடைய விருப்பத்தைக் கேட்கச் சொன்னார்.

கேட்பதென்றால் நோயையும் சொல்லவேண்டும். எனக்குத் துணிவு வரவில்லை.

"பழைய மருந்தையே போடட்டாம்," என்றேன் அவளிடம். டொக்டரிடம், அவளுக்கு விருப்பமில்லை என்றேன்.

தான் பத்து நிமிடம் சொன்னது எப்படி மூன்று சொல்லில் முடிந்தது என்று டொக்டர் கேட்டார். அவர் இரண்டு மொழியும் தெரிந்த, பக்கத்து ஊரான கிண்ணியாவைச் சேர்ந்த தாதி ஒருவரைக் கூப்பிட்டார். தாதி கதிரையை இழுத்து மனைவியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"உங்கட வருத்தத்தப் பத்தி என்ன தெரியும் அம்மா?"

"கென்சர் எண்டு தெரியும் மகள். வாசல் பலகையில தமிழிலயும் எழுதிக் கிடக்குத்தானே. இவர் பயந்துபோவார் எண்டு நான் கதைக்கேல்ல."

தாதி எல்லாவற்றையும் விளக்கினார்.

"என்னைச் சோதனை எலியாக்கப் போறீங்களோ?"

"இல்லையம்மா. ஏலாது எண்டா எந்த நேரமும் நிப்பாட்டலாம்."

அவள் கேள்விமேல் கேள்வி கேட்டாள். கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கச்சேரியிலயும் இப்பிடித்தான் மொழிபெயர்த்தனீங்களோ?"

தாதி சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தாதி கொடுத்த தமிழ் விளக்கத் தாளை வீட்டில் ஒரு கிழமை, ஏழு நாளும், வாசித்தாள். விளங்காத இடங்களில் பென்சிலால் கோடிட்டாள். அடுத்த கிளினிக் நாளில் அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "எனக்கு வேண்டாம் மகள். அடிக்கடி கொழும்புக்கு ஓட ஏலாது. இவரோட வீட்டில இருக்கிறன்," என்றாள். டொக்டர் எழுந்து அவளுக்கு நன்றி சொன்னார்.

நான் சொன்ன அதே பதில்தான். ஆனால் அதைச் சொல்லவேண்டியவள் அவள்.

அதன்பின் அவள் இருந்த ஒன்றரை வருடமும் நாங்கள் எதையும் ஒளிக்காமல் கதைத்தோம். அவளைப் பயப்படுத்தக்கூடாது என்று நான் வாய்மூடிக் கிடந்த எட்டு மாதமும், என்னைப் பயப்படுத்தக்கூடாதென்று அவள் தன் பயத்தைத் தனியே சுமந்திருக்கிறாள் என்பதை நினைக்கும்போது, இன்றும் என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.