கம்பத்தில் மாட்டிய ஆரஞ்சு சட்டை

முரியேல் தெல்போவை யாராவது அடித்தால், அந்த அடி பொழுது சாய்வதற்குள் வட்டியோடு திரும்பிப் போய்ச் சேர்ந்துவிடும். லோத் நதிப் பள்ளத்தாக்கில் இது ஊரறிந்த சங்கதி. பதினாறு வயதில், அம்மாவின் முடியைப் பிடித்து இழுத்த அப்பாவின் முழங்கையை விறகுக் கட்டையால் உடைத்தவள். ரக்பி மைதானத்தில் அவள் மூக்கை உடைத்தவளுக்கு அதே ஆட்டத்தில் முன்பல் போனது. நல்லவள்தான், பழகியவர்களுக்கு உயிரைக் கொடுப்பாள். ஆனால் கை முந்திக்கொள்ளும், புத்தி பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும்.

அப்படிப்பட்டவளை லியோனெல் எப்படிக் கட்டிக்கொண்டான் என்று ஊர் வெகுகாலம் வியந்தது. அவன் கடற்கரை ஊர்க்காரன், மேட்டு நிலத்துக் கல் குவாரியில் லாரி ஓட்டினான். திராட்சையைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அதைக் குடிக்கலாம் என்பது மட்டும்தான். முரியேல் கை ஓங்கினால் குனிந்துகொண்டு சிரிப்பான். சிரிக்கிறவனை எப்படி அடிப்பது? அவளுக்குத் தெரியவில்லை. அதனாலேயே அவன்மேல் உயிரை வைத்தாள்.

சரளைப் பாதையில் ஓட்டுகிற தடித்த டயர் சைக்கிளை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் அவன்தான். ஞாயிறு காலையில் இருவரும் கிளம்பினால் அதற்கு உல்லாசப் பயணம் என்று யாரும் பெயர் வைக்க மாட்டார்கள். மேட்டு நிலத்து வெள்ளைக் கற்கள் மேல் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு போவார்கள். அங்கிருந்து ஆற்றுப் பாலத்துக்கு ஆளுக்கொரு பாதையில், திராட்சை வரிசைகளுக்கு நடுவே, பிரேக்கைத் தொடாமல் பாய்வார்கள். கடைசியில் வந்தவர் அன்று வாத்து வறுக்க வேண்டும். முழங்கால் தோல் போகாத ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ருசிக்காது.

முரியேல் வேலை பார்த்தது ஆர்மான் கோம்பெல்லின் தோட்டத்தில். குளிர்காலம் முழுக்கக் கொடிகளைக் கத்தரிக்கிற கவாத்து, அது முடிந்ததும் அவற்றுக்குக் கம்பி இழுத்துக் கட்டுவது. கோம்பெல் கடுகடுத்த கிழவர். நகரத்திலிருந்து வரும் சைக்கிள்காரர்கள் புல் விதைத்த வரிசைகளுக்குள் புகுந்து உழக்கிவிட்டுப் போவது அவருக்கு ஆகவே ஆகாது. கஃபேயில் எல்லார் முன்னாலும் ஒருநாள் கத்தினார்.

"எவனாவது ஒருத்தன் கழுத்து போனாத்தான் இவனுங்களுக்குப் புத்தி வரும்!"

"என் கழுத்தையும் சேர்த்தா சொல்றீங்க, முதலாளி?" என்றாள் முரியேல்.

"உன் கழுத்தை எந்தக் கம்பியும் அறுக்காதுடி. கம்பிதான் அறுந்துபோகும்."

எல்லாரும் சிரித்தார்கள். கடை நடத்துகிற ரெஜினும் சிரித்தாள். பிறகு அந்தப் பேச்சை வார்த்தை பிசகாமல் ஒப்பித்ததும் அவள்தான்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, சரிவில் கம்பி இழுத்துக்கொண்டிருந்தபோது கடைசிக் கம்பத்தைத் தாங்கிய முளை மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. இழுத்த கம்பியை அப்படியே விட்டால் வரிசை முழுக்கச் சாய்ந்துவிடும். முரியேல் அதைப் பாதைக்குக் குறுக்கே கொண்டுபோய் எதிரில் இருந்த வால்நட் மரத்தில் முறுக்கிக் கட்டினாள். திங்கட்கிழமை புது முளை அடித்துக்கொள்ளலாம். கம்பி கட்டிய பாதையின் தலைப்பில், முதல் கம்பத்தில், கட்டியவர் தன் மேல்சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வருவது அங்கே வழக்கம். சட்டை தொங்கினால் பாதை மூடியிருக்கிறது என்று அர்த்தம். டிராக்டர்காரன், வேட்டைக்காரன், தபால்காரி யாரும் அதைத் தாண்டி இறங்க மாட்டார்கள். முரியேல் மேலே ஏறி, மேட்டுச் சாலையோரக் கம்பத்தில் தன் ஆரஞ்சு சட்டையை மாட்டிவிட்டு நனைந்தபடி வீடு வந்தாள். கீழ் முனை கோம்பெல்லின் முற்றத்தில் முடிகிறது, அங்கே சட்டை தேவையில்லை.

லியோனெல் தாமதமாக வந்தான். துணிகளை வாஷிங் மெஷினில் திணித்துக்கொண்டே அங்கிருந்து குரல் கொடுத்தான்.

"உன் பின்னாடியே ஒரு ஆள் பொறுக்கிட்டு வரணும்டி. தலை மட்டும் ஒட்டிக்கிட்டு இல்லேன்னா அதையும் தோட்டத்துல விட்டுட்டு வந்திருப்ப!"

"வாயை மூடிட்டு உருளைக்கிழங்கை உரிய்யா," என்று ஈரத் துணியை அவன்மேல் எறிந்தாள். எதை விட்டுவிட்டு வந்தோம் என்று அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேட்டில் இருவரும் பிரிந்தார்கள். அவள் தேவாலயப் பாதையில் இறங்கினாள். அவன் வழக்கமாகப் பாய்வது கோம்பெல் பாதையில். சட்டை தொங்குவதைப் பார்த்து அடுத்த பாதைக்குப் போய்விடுவான், இன்றைக்கு வாத்து வறுக்கப்போவது அவன்தான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனாள். பாலத்தில் காத்திருந்தாள். சில நிமிடம் ஆகியும் அவன் வரவில்லை. கிண்டலாகப் போனில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. சிரிப்பு போய்விட்டது. கீழிருந்து கோம்பெல் பாதையில் ஏறினாள்.

சைக்கிள் வால்நட் மரத்துக்குக் கீழே தனியாகப் போய்க் கிடந்தது. அவன் கம்பிக்கு அடியிலேயே மல்லாந்து கிடந்தான். கழுத்திலிருந்து ரத்தம் விடாமல் சரளைக் கற்களுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பொத்திப் பார்த்தாள். விரல்களுக்கு நடுவே சூடாக வழிந்தது. "லியோ, டேய், என்னைப் பாருடா," என்று கத்தினாள். அவன் பார்த்தான். ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. பிறகு பார்ப்பதையும் நிறுத்திவிட்டான்.

அவள் கட்டிய கம்பிதான். அவள் முறுக்கிய முறுக்குதான். அது அவளுக்குத் தெரியும், அதைத் தன்னிடமே மறைக்கவில்லை. ஆனால் சட்டை எங்கே? மேலே ஓடினாள். முதல் கம்பம் மொட்டையாக நின்றது. எவனோ சட்டையைக் கழற்றியிருக்கிறான். எவன் என்று யோசிக்க அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

கோம்பெல் கொட்டகையில் டிராக்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ரத்தத்தில் குளித்து வந்தவளைப் பார்த்துப் பதறி எழுந்தார்.

"என்னம்மா ஆச்சு? யாருக்கு என்ன?"

"சட்டையை ஏன்யா எடுத்த?"

"எந்தச் சட்டை?"

முதல் குத்து வாயில் விழுந்தது. கிழவர் டிராக்டர் சக்கரத்தில் மோதிச் சரிந்தார். "நான் எடுக்கலை! என் பொண்டாட்டி மேல சத்தியமா எடுக்கலை!" என்று கதறினார். கவாத்து செய்கிற பேட்டரி கத்தரி சுவரில் தொங்கியது. கட்டைவிரல் தடிமன் கொடியைக் கண் சிமிட்டுவதற்குள் நறுக்குகிற கத்தரி. முரியேல் அவர் வலது கையைக் காலால் மிதித்துக்கொண்டு விசையை அழுத்தினாள். இரண்டு விரல்கள் போயின. கிழவரின் அலறல் ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டதாம். அதன்பிறகு கத்தரியைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு, தானே போலீசைக் கூப்பிட்டாள்.

விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். வழக்கு உண்டு, ஆனால் புருஷனை அடக்கம் செய்யட்டும் என்று வீட்டுக்கு விட்டார்கள். இதற்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கஃபேயில் கிழவர் சொன்னதை ரெஜின் எல்லாரிடமும் ஒப்பித்திருந்தாள். மருத்துவமனையிலிருந்து கையில் கட்டோடு வந்த கோம்பெல்லின் முகத்தில் ஒருவன் காறித் துப்பினான். ஜன்னல் கண்ணாடிகளைக் கல் விட்டு உடைத்தார்கள். அவர் அப்பா நட்ட பழைய கொடிகளில் ஒரு வரிசையை எவனோ ரம்பத்தால் அடியோடு அறுத்துப் போட்டான். அந்த வீரர்களில் பாதிப் பேர் சைக்கிள்காரர்களைக் கண்டாலே திட்டுகிறவர்கள்தான். அடிப்பதற்கு ஆள் கிடைத்தால் யார் பக்கம் நிற்கிறோம் என்பதெல்லாம் பெரிதில்லை போலும்.

"ரெண்டு விரலோட விட்டியேடி! நானா இருந்தா தலையை எடுத்திருப்பேன்," என்று ரெஜின் கட்டிக்கொண்டு அழுதாள். முரியேலுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. அந்தக் கிழவர் குற்றவாளியாக இருக்கும்வரை தன் கை முறுக்கிய முறுக்கை அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது.

அடக்கத்தன்று காலை, லியோனெலுக்குப் போட்டு அனுப்ப அவனுடைய நீலச் சட்டையைத் தேடினாள். அலமாரியில் இல்லை. வெள்ளிக்கிழமை அவன் போட்ட துணிகள் இன்னும் வாஷிங் மெஷினுக்குள்ளேயே கிடந்தன. திறந்தாள். ஈர வாடை அடித்தது. நீலச் சட்டையின் கையைப் பிடித்து இழுத்தாள். அதோடு முறுக்கிக்கொண்டு ஆரஞ்சு சட்டையும் வந்தது.

சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். குவாரியிலிருந்து மேட்டுச் சாலையில் வந்தவன், பெண்டாட்டி மறந்துவிட்டுப் போன சட்டை மழையில் நனைகிறதே என்று லாரியை நிறுத்தி எடுத்துவந்திருக்கிறான். துவைத்தும் போட்டிருக்கிறான். அந்தச் சட்டைக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. பிறந்த பிள்ளைக்கும் தெரிந்ததை ஊரில் யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்? அவளும் சொன்னதில்லை. அன்றிரவு ஒரு வார்த்தை, "எதைடா விட்டுட்டு வந்தேன்?" என்று கேட்டிருந்தால் அவன் இருந்திருப்பான்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சட்டையை அதில் போட்டால் தீர்ந்தது. அதை அவள் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். அடுப்புக் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் நெருப்பைப் பார்த்தாள். பிறகு மூடினாள்.

கறுப்பு உடைக்கு மேல் அந்த ஈர ஆரஞ்சு சட்டையைப் போட்டுக்கொண்டு சவ ஊர்திக்குப் பின்னால் நடந்தாள். துக்கத்தில் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். கோம்பெல் வீட்டு முன்னால் அவள் நின்றாள். அவள் நிற்கவே ஊர்வலமும் நின்றது. உடைந்த ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்தது. "அடி விழப்போகுது," என்று ரெஜின் ஆசையோடு சொன்னது பலர் காதில் விழுந்தது.

"முதலாளி, வெளியே வாங்க."

கிழவர் வாசலுக்கு வந்தார். வாய் இன்னும் வீங்கியிருந்தது.

முரியேல் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "சட்டை என் வீட்டுல இருந்துச்சு. லியோனெல்தான் எடுத்துட்டு வந்திருக்கான், துவைக்கப் போட்டிருக்கான். கம்பி நான் கட்டினது. நீங்க எதையும் தொடலை. உங்க விரலை நான் அநியாயமா எடுத்துட்டேன்."

துப்பியவன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோம்பெல் படியிறங்கி வந்தார். கட்டுப் போட்ட வலது கையைத் தாங்கிக்கொண்டிருந்த இடது கையை எடுத்தார். ஓங்கி அவள் முகத்தில் அறைந்தார். உடைந்து கூடிய மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து ஆரஞ்சு சட்டையில் சொட்டியது.

ஊரே அவள் கையைப் பார்த்தது. அந்தக் கை அசையவில்லை.

கிழவர் இன்னொரு முறை அறைந்தார். அவள் முகத்தைத் திருப்பவும் இல்லை. மூன்றாவதாக ஓங்கிய கையைப் பாதியிலேயே இறக்கினார். உதட்டைக் கடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"போ," என்றார். "போய் உன் புருஷனைப் புதைச்சுட்டு வா. மிச்சம் அப்புறம்."

"வரேன் முதலாளி," என்று சொல்லிவிட்டு முரியேல் நடந்தாள். ரத்தத்தைத் துடைக்கக்கூட அவள் கையை உயர்த்தவில்லை.